கொடுவாய்

நம் சிறு வயதில் மதுரைக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க்கரைச் சிற்றூரில் வாழ்ந்தோம். பெரியம்மா தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை, ஊர்க்கோவில் திருவிழாவை ஒட்டிப் பெரியப்பாவும் அவரும் வந்து இரண்டு நாள் தங்கிச் செல்வர். அப்படி வந்த ஓர் இரவில், உணவு முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது பெரியப்பா கடலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "மழை பெஞ்சு ஆத்துத் தண்ணி கடல்ல விழுந்துச்சுன்னா, முகத்துவாரத்துல கொடுவா வந்து நிக்கும். ஒரு கொடுவா கிடைச்சாப் போதும், வீடே விருந்துதான்" என்றார்.

சிறுவர்களாகிய நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். நம் ஊர்ப் பேச்சில் 'கொடுவா' என்பது உறங்குபவர் கடைவாயில் வழியும் எச்சில். "கொடுவா வடியுது, தொடைடா" என்பதுதான் காலைதோறும் நம் காதில் விழுந்த வாக்கியம். அதைப் பிடித்து விருந்து வைப்பது எங்ஙனம்? நம்முள் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு "நாறும்" என்றும் சொல்லிவிட்டான். பாட்டி அதட்டினார்: "மீனு பேரைச் சொல்றாரு. இதுல பல்லைக் காட்ட என்ன கெடக்கு?" பெரியப்பா புன்னகைத்துக்கொண்டே பேச்சை மழைக்கும் நெல்லுக்கும் திருப்பிவிட்டார். அதன்பின் அவர் நம் வீட்டில் மீனைப் பற்றிப் பேசியதாக நமக்கு நினைவில்லை.

ஒரு சொல் ஓர் ஊரில் விருந்தாகவும் இன்னோர் ஊரில் எச்சிலாகவும் இருப்பது வேடிக்கைதான். ஆனால் மூக்கைப் பொத்திய அந்தக் கை வெறும் வேடிக்கையன்று. அதற்கு மதுரையில் நெடிய வரலாறு உண்டு. நம் திருச்சபையின் வரலாறும் அதனுள் அடங்கும். சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

'கொடு' என்னும் அடிச்சொல்லுக்கு வளைவு என்பது பொருள். வளைந்த அரிவாள் கொடுவாள். தேளின் வளைந்த முள் கொடுக்கு. வில்லைக் கொடுமரம் என்றனர் பழம்புலவர். மதுரைச் சாலையோரங்களில் சிறுவர் கல்லெறிந்து வீழ்த்தும் கொடுக்காய்ப்புளியும் தன் வளைந்த காயால் அப்பெயர் பெற்றதே. நேரல்லாத ஆட்சி கொடுங்கோல். ஆகவே கொடுவாய் என்பது வளைந்த வாய். வாயின் வளைந்த ஓரத்தில் வழிவதும் கொடுவாய் ஆயிற்று. பிறரைப் பழிக்கும் வாயும் கொடுவாய் ஆயிற்று. புலிக்கும் அப்பெயர் உண்டு. மீனுக்கு ஏன் வந்தது என்பதை அதன் தலையைப் பக்கவாட்டில் பார்த்தவர் எளிதில் உணர்வர். நெற்றி உட்குழிந்து, முதுகு திடுமென உயர்ந்து, அகன்ற வாய் கண்ணையும் கடந்து பின்னோக்கிச் சரிந்திருக்கும். செவுள் மூடியின் விளிம்பு கத்திபோன்றது. கவனமின்றிப் பிடித்தவர் விரல் கிழியும். இருளில் விளக்கொளி பட்டால் கண் செந்நிறமாக மின்னும். ஆறடி வரையும் வளரக்கூடிய மீன் இது. பேச்சில் இறுதி யகரம் தேய்ந்து 'கொடுவா' என நின்றுவிட்டது.

தூண்டில் முள்ளையும் கொடுவாய் என்னும் அடைகொடுத்துப் பாடியவர் ஒருவர் இருந்தார், அவர் மதுரைக்காரர். கணக்காயனார் மகனார் நக்கீரனார் அகநானூற்றின் 36-ஆம் பாட்டில் ஒரு வரால் மீனைக் காட்டுகிறார். வளைந்த வாயையுடைய இரும்பு முள்ளில் கோத்த இரையை அது விழுங்கிவிடுகிறது. விழுங்கியபின் அடங்கவில்லை. ஆம்பல் இலையைக் கிழித்து, குவளையைச் சிதைத்து, வள்ளைக் கொடியை மயக்கி, தூண்டிற்காரன் இழுக்க இழுக்க வராமல், கயிற்றில் கட்டிய முரட்டு எருதுபோல விடியற்காலையில் குளத்தையே கலக்குகிறது. இன்று உலகெங்கும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் 'போராடும் மீன்' என்று தேடிச் செல்வது இதைத்தான். அவர்களுள் பலர் தேடிச் செல்லும் மீன் நம் கொடுவாவே. ஆஸ்திரேலியாவில் அதன் பெயர் பாரமுண்டி. அந்நாட்டுப் பழங்குடியினரின் சொல் அது. அதைப் பிடிப்பதற்கென்றே விடுமுறை எடுத்து வடகரை ஆறுகளுக்குச் செல்வோர் அங்கு ஏராளம். நக்கீரனாரின் மீன் குளத்து மீன், பெரியப்பாவின் மீன் கடல்மீன் என்பது உண்மை. எனினும் மதுரைப் புலவன் ஒருவன் மீனின் வீரத்தை மூக்கைப் பொத்தாமல் நின்று பார்த்திருக்கிறான் என்பது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. அதே பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியனின் ஆலங்கானப் போரும் வருகிறது. குளத்து மீனையும் ஏழு பகைவரை வென்ற வேந்தனையும் ஒரே மூச்சில் பாடுவதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

அந்த வேந்தனின் கொடியே மீன்கொடி அல்லவா! கொடியில் கயல், முத்திரையில் கயல், நகரத்து அன்னையின் பெயரிலும் மீன் போன்ற கண். மீனை இவ்வளவு உயரத்தில் வைத்த நகரம் மண்ணில் வேறு உண்டோ அறியோம். ஆயினும் மீன் பிடிப்பவனையும் விற்பவளையும் அதே நகரம் எங்கே வைத்தது என்பது வேறு கதை.

'கொடு' என்னும் அடிச்சொல் இன்னோர் இடத்திலும் வருகிறது. தமிழையே செந்தமிழ், கொடுந்தமிழ் என்று பிரித்தனர் இலக்கண உரையாசிரியர். வையையாற்றின் வடக்கு, மருதயாற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு என்று செந்தமிழ் நிலத்துக்கு எல்லை வகுத்த உரைமரபு ஒன்று உண்டு. அதைக் கோடு போட்டுப் பார்த்தால் வையையின் தென்கரையில் நிற்கும் மதுரை மாநகரே எல்லைக்கு வெளியே விழுகிறது! சங்கம் வளர்த்த நகரத்தை வெளியே நிறுத்திய அவ்வுரைகாரர்மீது மதுரையார் வழக்குத் தொடராதது வியப்பே. செந்தமிழைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களுள் முதலாவதாகச் சொல்லப்படுவது தென்பாண்டி நாடு. கொற்கையும் முத்துக்குளித்துறையும் அமைந்த பகுதி. அந்நிலங்களின் சொற்களுக்கு உரைகாரர் எடுத்துக்காட்டும் தருகின்றனர். தென்பாண்டியார் பசுவையும் எருமையையும் பெற்றம் என்பர், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர், குடநாட்டார் தந்தையை அச்சன் என்பர் என்று. பசு உண்டு, எருமை உண்டு, தாய் தந்தை உண்டு. கடல் சூழ்ந்த நாட்டில் மீன் ஒன்றன் பெயரும் அப்பட்டியலில் நம் கண்ணில் படவில்லை. பெரியப்பாவின் கொடுவா, பொருளாலும் இடத்தாலும் கொடுந்தமிழ்ச் சொல்லாகவே வாழ்ந்திருக்கிறது. நாவில் இருந்தது; ஏட்டில் ஏறவில்லை.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். 1536, 1537 ஆகிய ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் அக்கரைக்கு வந்து, உள்ளூரார் உதவியுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கிப் பரதவர் பேசிய தமிழையே பயின்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் உழைப்பின் கனி. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களுள் அது தலைநின்றது. புன்னைக்காயல் தாமிரவருணி கடலோடு கலக்கும் இடம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் முகத்துவாரமே கொடுவாவின் வாழிடம். குஞ்சாக உப்பங்கழியிலும் ஆற்றிலும் வளர்ந்து, முட்டையிடக் கழிமுகத்துக்குத் திரும்பும் மீன் அது. தமிழ் உரைநடையை முதன்முதலாக அச்சுக்கு ஆயத்தம் செய்த அடிகளாரின் செவியில் மீனவர் வாக்கியங்கள் அன்றாடம் விழுந்திருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது.

அதே பரதவர் வணிகத்தின் பொருட்டு மதுரைக்கும் வந்து போயினர். அவர்களின் ஆன்மிகத் தேவைக்காகக் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு 1595 வாக்கில் மதுரையில் வந்து தங்கி, சிறு கோவில் ஒன்றை நடத்தி வந்தார். முன்னாளில் படைவீரராக இருந்தவர் அவர். நோயாளரைக் கவனித்தார், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஆயினும் மதுரை நகரத்தார் ஒருவரையும் அவரால் மறைக்குள் கொணர முடியவில்லை. காரணம் பலவாகச் சொல்லப்படுகிறது. நகரத்தார் கண்ணில் அவர் பறங்கி. இறைச்சியும் மீனும் உண்பவர், மது அருந்துபவர். அவரைச் சூழ்ந்திருந்தவர்களோ கடற்கரையார். "பறங்கிக் குலத்தில் சேர உனக்குச் சம்மதமா" என்ற பொருளில் திருமுழுக்குக் கேள்வியே அந்நாளில் அமைந்திருந்ததாம். மறை என்பது குலமாகிவிட்டது. குலம் என்பது உணவாகிவிட்டது.

1606-ஆம் ஆண்டின் இறுதியில் இராபர்ட் தெ நொபிலி, நம் தத்துவ போதகர், மதுரைக்கு வந்தார். அவர் செய்தவை நாம் அறிந்தவையே: காவி உடை, சந்தனம், பாதக்குறடு, வடமொழியும் தமிழும் கற்றமை. அவற்றோடு, நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் பாலும் என்று உணவைச் சுருக்கிக்கொண்டார். பெர்னாண்டஸின் இல்லத்திலிருந்து விலகித் தனிக்குடிலில் வாழ்ந்தார். மதுரைத் தெருக்களில் இப்படி ஒரே சபையின் இரு குருக்கள் தனித்தனி வாழ்வு வாழ்ந்தனர். ஒரு கோவிலில் மீன் உண்போர் கூடினர். மற்றொன்றில் மீன் உண்ணாத துறவி போதித்தார். 1610-இல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு முறையீடு எழுதினார். கோவாவிலும் உரோமையிலும் ஆண்டுக்கணக்கில் நடந்த வாதம், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் வழிமுறைகளுக்கு இசைவு தந்தபோது ஓய்ந்தது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை பற்றியே அத்தீர்ப்பு பேசுகிறது. மீன் பற்றி அதில் பேச்சில்லை. எனினும் வாதத்தின் அடியில் மீன் இருந்தது என்பது நம் கருத்து.

தத்துவ போதகரைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. அவர் இன்றி மதுரை மிஷன் இல்லை. தமிழ் உரைநடையின் ஒரு பெரும் பகுதியும் இல்லை. உள்நாட்டுத் தமிழர் செவிசாய்க்கும் வகையில் பேச அவர் கொடுத்த விலை பெரிது. ஆனால் அந்த விலையில் ஒரு பங்கை வேறொருவரும் கொடுத்தனர். ஏற்கெனவே ஏறத்தாழ 70 ஆண்டுகளாகக் கிறித்தவராக இருந்த பரதவர், தம் மறையின் குரு ஒருவரே மதுரையில் தம்மை விட்டு விலகி நிற்பதைக் கண்டனர். அது அவர்களுக்கு எவ்வாறிருந்தது என்று எழுதி வைத்தவர் இல்லை. பெர்னாண்டஸின் முறையீட்டைப் பிடிவாதக்காரக் கிழவரின் பொறாமை என்று எழுதிப்போகும் நூல்கள் பல. அவர் உடனிருந்த மக்களின் மனவருத்தமும் அதில் கலந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. திண்ணையில் பேச்சைத் திருப்பிக்கொண்ட பெரியப்பாவின் முகம் நம் கண்முன் வருகிறது.

மதுரை மிஷன் தன் பங்குக்கு இன்னொரு செயலையும் செய்தது. கொடுந்தமிழை ஏட்டில் ஏற்றியது. அந்த மிஷனில் உழைத்து 1666-இல் இறந்த அந்தம் தெ புரோயன்சா அடிகளார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி, அவர் மறைந்தபின் 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. நிகண்டுபோல மனப்பாடச் செய்யுளாக இன்றி, மக்கள் வாயில் வழங்கிய சொற்களை அகரவரிசையில் அடுக்கிய நூல் அது. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்ததை 1954-இல் நம் தனிநாயகம் அடிகளார் கண்டார். 1966-இல் கோலாலம்பூரில் அதை மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். அவர் தூத்துக்குடி மறைமாவட்டக் குரு என்பது பொருத்தமே.

வீரமாமுனிவரோ கொடுந்தமிழுக்கென்றே தனி இலக்கணம் செய்தார். இலத்தீனில் எழுதிய அந்நூல் 1738-இல் தரங்கம்பாடி லூத்தரன் மிஷன் அச்சகத்தில் அச்சேறியது. அவ்விரு சபையாரும் எழுத்தில் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கிக்கொண்ட காலம் அது. இலக்கணம் அச்சிடும்போது மட்டும் பகை ஓய்ந்திருக்கிறது. 1732-இல் அவர் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவாக அமைந்து, தமிழுக்குத் தமிழே பொருள் தரும் அகராதி மரபுக்கு வழி திறந்தது.

நம் அகராதிகளில் நெடுங்காலம் மீன்களுக்கு நேர்ந்த கதி ஒன்றை இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை. அயிலை என்று புரட்டினால் 'ஒரு மீன்'. வாளை என்று புரட்டினால் 'ஒரு மீன்'. கொடுவாய்க்கும் அப்படியே. உரையாசிரியரும் அகராதிக்காரரும் மலருக்கு நிறமும் மணமும் சொல்வர். யானையின் பருவத்துக்கு ஒரு பெயர் சொல்வர். மீனுக்கு மட்டும் 'மீன்வகை' என்று எழுதி அடுத்த சொல்லுக்குப் போய்விடுவர். அறியாமை என்று இதை மன்னிக்கலாம். கேட்கப் போகாத அறியாமை அது. கடற்கரைக்குச் சென்று ஒரு கிழவியிடம் கேட்டிருந்தால் அரை நாளில் பக்கம் நிறைந்திருக்கும்.

கேட்கப் போனவரும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் பணியாற்றிய லூத்தரன் குரு கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், கரையில் வந்திறங்கிய மீன்களைப் பெயரோடு சேகரித்து பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே மார்க்கஸ் புளோக் என்னும் யூத மருத்துவர் அவற்றைப் படம் வரைந்து வகைப்படுத்தினார். இந்தியாவைக் கண்ணால் காணாதவர் அவர். கத்தாழை மீனின் ஓர் இனத்துக்கு ஜானின் பெயரால் 'ஜானியஸ்' என்றும், தரங்கம்பாடி மீனவர் சொன்னபடி 'கருத்த' என்பதைத் தழுவிக் 'கருட்டா' என்றும் 1793-இல் பெயரிட்டார். தமிழ் மீனவர் ஒருவர் கூடையைச் சுட்டி "இது கருத்த கத்தாழை" என்று சொன்ன அன்றாட வாக்கியம் உலக விலங்கியலின் இலத்தீனில் இன்றும் நிற்கிறது. கொடுவாவுக்கும் 1790-இல் பெயர் சூட்டியவர் அவரே. ஆனால் அந்த மீன் சப்பானிலிருந்து வந்ததாக அவர் கருதியதால் நம் சொல்லுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. முள் தாங்கி என்னும் பொருளில் 'கல்காரிபர்' என்று வைத்துவிட்டார். கல்கத்தா ஆங்கிலேயர் அதே மீனைக் காலை உணவாக விரும்பி உண்டு 'காக்கப்' என்றழைத்தனர். அது மலாய் மொழியின் 'காக்காப்' என்னும் சொல்லின் திரிபு. வங்காளியர்க்கு அது பேட்கி, மலையாளிகளுக்குக் காளாஞ்சி, சிங்களவர்க்கு மோதா. யாழ்ப்பாணத் தமிழர்க்கு நம்மைப்போலவே கொடுவா.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் முதற் பதிப்பாசிரியராக 1913-இல் அமர்ந்தவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்டிலர் என்னும் முதியவர். 1924 முதல் 1936 வரை வெளிவந்த அவ்வகராதியில்தான் மீன்களுக்கு நிறம் இன்னது, நீளம் இவ்வளவு, இலத்தீன் பெயர் இது என்று விளக்கம் கிடைத்தது. பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூலில் தமிழ்ப் பெயர்களும் இடம்பெற்றிருந்தன. அத்தகைய உழைப்பின் பயன் இது. அப்போதும் ஒரு குறை நின்றது. மீனின் நீளம் தெரிந்தது. அச்சொல்லை மக்கள் எப்படிப் பேசினர் என்பது தெரியவில்லை. சொல்லுக்கு எதிரே அன்றாட வாக்கியம் ஒன்றை எடுத்துக்காட்டாக எழுதும் வழக்கத்தை 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பரவச் செய்தது. நாம் அதை முதன்முதலில் புரட்டியபோது மகிழ்ந்தது அதன்பொருட்டே. சொல்லுக்கு உயிர் வாக்கியத்தில்தான்.

மதுரைப் பேச்சில் கடல்மீன்கள் எப்படி நுழைந்தன என்று எண்ணிப் பார்த்தால், எல்லா மீனும் ஒரே கதவால் வரவில்லை. நம் சமவெளிக்குச் சொந்த மீன்கள் உண்டு. கோடையில் கண்மாய் வற்றும்போது மேலூர்ப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் கச்சாவும் ஏந்திய ஊர் மக்கள் வெள்ளைத் துண்டு அசைந்ததும் ஒரே நேரத்தில் நீரில் இறங்குவர். விரால், கெண்டை, கெளுத்தி, அயிரை ஆகியவை அங்கே கிடைப்பவை. ஆகவே நழுவுகிறவனை விரால் என்பதும் இரண்டு பக்கமும் பேசுகிறவனை விலாங்கு என்பதும் மதுரைக்கு இயல்பு. கடலிலிருந்து வந்தவை பெரும்பாலும் உலர்ந்தே வந்தன. ஒல்லியான பிள்ளையை நெத்திலி என்கிறோம். வெயிலில் அலைந்து வந்தவன் கருவாடாய்க் காய்ந்துவிட்டான் என்கிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா தேடித் தருவது உள்நாட்டுக் குடும்பங்களிலும் உண்டு. அப்படிச் சுறா மருந்தாக வந்தது. திருக்கையோ தண்டனையாக வந்தது: அதன் வாலைச் சவுக்காக்கி அடித்த காலத்தின் நினைவு "திருக்கை வாலால் விளாசுவேன்" என்னும் மிரட்டலில் ஒட்டியிருக்கிறது. கொடுவாவுக்கு இவற்றுள் எந்தக் கதவும் திறக்கவில்லை. அது கருவாட்டுக்கு உரிய மீனன்று. புதிதாக உண்ணப்பட வேண்டியது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் இருப்புப்பாதை திறந்து, பின்னர்ப் பனிக்கட்டியும் பரவலான பிறகே புதிய கடல்மீன் மதுரைச் சந்தையைத் தாராளமாக எட்டியிருக்க முடியும். அது வந்து சேர்வதற்குள் அதன் பெயர் இருக்கையில் எச்சில் அமர்ந்துவிட்டது.

நம் கத்தோலிக்க வீடுகளில் அதற்குச் சிறு சன்னல் ஒன்று இருந்தது: வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம். இறைச்சி விலக்கிய நாளில் மீனுக்குத் தடையில்லை. (மீனையும் விலக்கிய வீடுகள் உண்டு, நம் பாட்டியின் வீடு அத்தகையது. தவக்காலம் முழுவதும் அவர் கத்தரிக்காயோடு காலந்தள்ளினார். உரோமை கேட்டதைவிட அக்கம்பக்கத்தார் எதிர்பார்த்தது கடுமையாக இருந்தது போலும்.) பங்குத்தந்தையர் பலர் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களைப் பார்க்க வரும் உறவினர் கையில் ஓலைப்பெட்டியோ கூடையோ இருக்கும். சீலா, விளமீன், பாரை, ஊளி, கொடுவா என்ற பெயர்களை நாம் கற்றது குருமனை அடுப்படியில்தான். அதிலும் ஒரு குழப்பம். தூத்துக்குடியார் சீலா என்பதைச் சென்னையார் வஞ்சிரம் என்பர், குமரி மாவட்டத்தார் நெய்மீன் என்பர். மூன்று ஊர்க் குருக்கள் ஒரே பந்தியில் அமர்ந்தால் குழம்பு ஆறும்வரை வழக்கு நடக்கும். கொடுவா மட்டும் கரை நெடுகிலும் ஏறத்தாழக் கொடுவாவே.

கொடுவாவின் வாழ்வில் ஒரு விந்தையுண்டு. அது ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, பின்னர்ப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்களே. பெருமீனைப் பிடித்துத் தீர்த்தால் முட்டைக்கு வழியில்லாமல் போகும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தனர். அதன்பின் கடலோர உவர்நீர்ப் பண்ணைகளில் அது வளர்கிறது; உப்பில்லா நீரிலும் வளரும் இயல்பு அதற்கு உண்டு. சந்தைக்கு ஏறத்தாழ ஒரே அளவில் வந்து சேரும் பண்ணைக் கொடுவாக்களைக் காணும்போது நமக்கு நக்கீரனாரின் வராலே நினைவுக்கு வருகிறது. இவை எவருடைய குளத்தையும் கலக்கியவை அல்ல.

பெரியப்பா இறந்து ஆண்டுகள் பல ஆயின. கரிமேட்டில் மீன் சந்தை நடந்துவந்த நாள்களில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து அவ்வழியே வந்த நாம் ஒரு கடைமுன் நின்றோம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சில் ஒரு பெண்மணி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு விலை கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் பெரிய மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "கொடுவாம்மா. தூத்துக்குடி வண்டியில விடியக்காலம் வந்தது" என்றார். பேரன் களுக்கென்று சிரித்தான். பாட்டியும் சிரித்துவிட்டு, "பேரைப் பாரு" என்றார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். மீனின் வாயை இரு விரலால் அகட்டிப் பையன் முகத்துக்கு நேரே பிடித்து, "இந்தா, பாரு தம்பி, வாய் எப்படி வளைஞ்சிருக்கு? அதான் பேரு" என்றார். பையன் சிரிப்பை விட்டுவிட்டு, விரலை மெல்ல நீட்டி அந்த வாயின் வளைவைத் தொட்டுப் பார்த்தான். பாட்டி ஒரு கிலோ போடச் சொன்னார்.